முதல் போன்

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரை நம்மில் பலரும் தாலிக்குத் தங்கம் தந்த அரசுத் திட்டத்தின் வழியாகத்தான் கேள்விப்பட்டோம். அவர் 1936இல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ நாவலைப் புரட்டியவர்கள் குறைவு. மைனர்களின் நிலபுலன் கரைகிற கதை என்று அதைச் சொல்வார்கள். என் கண்ணில் பட்டது வேறு. வருகிறவனிடம் எதைக் கேட்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், எப்போது கதவைச் சாத்த வேண்டும் என்று மகள்களுக்குப் பாடம் நடத்துகிறவள் தாய். உடம்பு ஒருத்தியுடையது, நிபந்தனை இன்னொருத்தியுடையது. அம்மையாரே தேவதாசிக் குலத்தில் வளர்ந்து, ஒரு கிழவருக்குக் கட்டிவைக்கும் ஏற்பாட்டை மறுத்து, தனக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்த சுயம்புப் பிள்ளையை மணந்து வெளியேறியவர். அந்தக் காட்டம் எழுத்தில் இருப்பதில் ஆச்சரியமில்லை.

இன்று தஞ்சாவூரில் தனியாகப் பாலியல் தொழில் செய்கிற பெண்ணுக்குத் தாயும் இல்லை, புரோக்கரும் இல்லை. போன்தான் இருக்கிறது. சுகாதாரத் திட்டம் ஒன்றில் நான் வேலை பார்த்தபோது பழக்கமான அப்படி ஒருவர், புது ஆளிடம் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். குரல் உயரவே இல்லை. “பேரு சொல்லுங்க சார். எந்த ஊரு? கூட யாரு பேசறது?” பின்னால் இன்னொரு ஆண் குரல் கேட்டால் அத்தோடு சரி, வைத்துவிடுவார். குடித்திருந்தால் வாசலோடு திரும்பிவிடுவேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். ஆணுறை இல்லாமல் கிடையாது. லாட்ஜ் அவர் சொல்கிற லாட்ஜ்தான். பணம், உள்ளே போனதும் கையில் எண்ணி வாங்கிவிட வேண்டும்.

“முன்னாடியே ஜிபேல வாங்கிக்கலாமே” என்று கேட்டேன். “பேங்க்ல இருக்கற பேரு அவனுக்குத் தெரிஞ்சிடும்க்கா” என்றார். எனக்குத் தோன்றாத விஷயம். பெயரைக் காப்பாற்ற ரொக்கம், ரொக்கம் என்பதால் அட்வான்ஸ் இல்லை, அட்வான்ஸ் இல்லை என்பதால் கும்பகோணம் வரை போய் ஆள் வராமல் பஸ் செலவோடு திரும்புகிற நாளும் உண்டு. ஒரு பக்கம் வேலி போட்டால் இன்னொரு பக்கம் திறந்துகொள்கிறது.

எல்லை வகுத்துக்கொள்ளுங்கள், உறுதியாக மறுக்கப் பழகுங்கள் என்று இப்போது எல்லோரும் எல்லோருக்கும் அறிவுரை சொல்கிறோம். மனத்திடம் இருந்தால் போதும் என்பது போல. இவரிடம் திடத்துக்குக் குறைவில்லை. ஆனால் தை மாசி அறுவடை முடிந்து, கொள்முதல் நிலையத்துப் பணம் ஊரில் புழங்கும்போது இருக்கிற கறார், ஐப்பசி அடைமழையில் இருப்பதில்லை. வாடகை பாக்கி, பிள்ளைக்கு ஃபீஸ். அப்போது, குரலிலேயே குடி தெரிகிற ஆளுக்கும் “சரி, வாங்க” என்று சொல்லிவிடுவதாக அவரே சொன்னார். அதே பெண், அதே நிபந்தனைகள். வீட்டில் அரிசி இருக்கிறதா என்பதுதான் மாறுகிறது.

பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த தளிச்சேரிப் பெண்டுகள் பட்டியலை இதற்குப் பிறகு வேறு மாதிரி படிக்கத் தொடங்கினேன். 400 பெண்கள். அவர்கள் கோயில் பணியாளர்கள். இந்தத் தொழிலோடு முடிச்சுப்போடுவது பிழை. நான் பார்ப்பது, கல்லில் என்ன எழுதினார்கள் என்பதை: எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர், பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். வீடும் நெல்லும் பெயரோடு கல்லில் இருக்கிற பெண், ஐப்பசியில் யாரிடமும் குரல் தழைய வேண்டியதில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். அரசன் தயவில் கிடைத்த நெல்தான், இருந்தாலும் நெல்.

தனியாளாக நின்று நிபந்தனை போட முடியாது என்பதைக் கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் பகுதியான சோனாகச்சி காட்டியது. 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா அங்கே எச்ஐவி தடுப்புப் பணியைத் தொடங்கியபோது சிக்கல் பெண்களின் அறியாமை அல்ல. ஒருத்தி ஆணுறை கேட்டால் வந்தவன் அடுத்த கதவைத் தட்டுவான். தெருவே கேட்கத் தொடங்கியபோதுதான் அவனுக்குப் போக்கிடம் இல்லாமல் போனது. 1995இல் அந்தப் பெண்கள் துர்பார் என்ற சொந்தச் சங்கத்தையே அமைத்தார்கள். தஞ்சை மண்ணுக்கு இது புரியாத சங்கதியா என்ன? பண்ணையாட்களுக்குத் தண்டனையாக இருந்த சவுக்கடியும் சாணிப்பாலும் 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் ஒழிந்தது, பண்ணையாள் ஒருவர் தனியாகப் போய் மிராசுதாரிடம் உறுதியாகப் பேசியதால் அல்ல.

ஆனால் இந்தப் பெண்கள் சேர்வதைத்தான் நம் சட்டம் தடுக்கிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருத்தி தன் வீட்டில் தனியாகத் தொழில் செய்தால் அதுவே குற்றமாகாது. துணைக்கு இன்னொருத்தியைச் சேர்த்துக்கொண்டு இருவரும் அங்கே சம்பாதித்தால் அது விடுதி; நடத்தியவளுக்கும் தண்டனை, தெரிந்தே வீடு கொடுத்தவருக்கும் தண்டனை. அவள் வருமானத்தில் சாப்பிடுகிற வயது வந்த மகனும் மாட்டலாம். பொது வழிபாட்டிடத்திலிருந்து 200 மீட்டருக்குள் கூடாது என்றும் ஒரு விதி. தஞ்சாவூரில் 200 மீட்டருக்குள் கோயில் இல்லாத இடத்தை யாராவது எனக்குக் காட்டுங்கள்.

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைப் படித்து, போனில் பேசிய அந்தப் பெண்ணுக்குத் தமிழில் சொன்னேன். பாலியல் வன்முறைக்கு ஆளானால் பாலியல் தொழிலாளர்களுக்கும் உடனடி மருத்துவ உதவி தர வேண்டும். போலீஸ் மரியாதையாக நடத்த வேண்டும். ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கைப்பையைச் சோதிக்கிறபோது அவர்கள் முதலில் தேடுவது அதைத்தானாம். அதனால் புது ஆளையே வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் மறந்தேன் என்பான்.

“இது நம்ம ஸ்டேஷனுக்குத் தெரியுமாக்கா?” என்று கேட்டார். பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். பையில் வைத்துக்கொள்ளவில்லை, அதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பார்களாம்.