உப்புநீர் விளக்கும் கொழுப்புக் கணக்கும்

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல். அதற்கு முந்திய நாட்களில் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளை காட்டு விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரை விட்டே விளக்கேற்றுவார்கள். எண்ணெய் கிடையாது. திரி எரிவதைக் கண்டு வன்னியே கைகூப்பும்.

அந்த வியப்புக்குள் ஒரு தருக்கமும் இருக்கிறது. விளக்கெரிய எண்ணெய் வேண்டும் என்று அறிந்தவருக்குத்தான் உப்புநீரில் எரிவது அற்புதம். காரணம் இருந்தால் காரியம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பிறகுதான், அதை மீறும் தெய்வச் செயலைப் பற்றியே பேச முடியும்.

ஆனால் ஒருவர் மாரடைப்பில் திடீரெனப் போய்விட்டால், செத்தவீட்டுப் பந்தலில் கேட்கும் பேச்சு வேறு. "அந்தாளின்ரை விதி அவ்வளவுதான்." வன்னியில் இந்தச் சொல்லுக்குப் பாரம் அதிகம். 2009இல் போரின் கடைசி மாதங்களில் ஒரே பங்கருக்குள் ஒருவர் மாள, பக்கத்தில் இருந்தவர் பிழைத்ததைக் கண்டவர்களுக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. ஷெல்லுக்குச் சொன்ன அதே சொல்லை இரத்தக் கொழுப்புக்கும் சொல்லலாமா?

கொலஸ்ரோல் இல்லாமல் உடம்பு இல்லை. கலங்களின் சுவருக்கும், பித்தநீருக்கும், பல ஓமோன்களுக்கும் அது வேண்டும். ஈரலே அதை ஆக்குகிறது. நீரில் கரையாத பொருள் என்பதால், புரதம் சுற்றிய சிறு பொதிகளாக இரத்தத்தில் மிதந்து செல்கிறது. அவற்றில் எல்டிஎல் எனும் பொதிகள் மிகும்போது, நாடிச் சுவருக்குள் புகுந்து சிக்கிக்கொள்கின்றன. அவற்றை விழுங்கிய வெண்குருதிக் கலங்களும் அங்கேயே தங்க, ஆண்டுக்கணக்கில் படிவு தடிக்கிறது. ஒருநாள் அது வெடிக்க, அதன் மேல் இரத்தம் உறைந்து இருதயத்துக்குப் போகும் வழியை அடைக்கிறது. பந்தலில் "திடீர்" என்று சொல்லப்படுவது இருபது, முப்பது வருட வேலையின் கடைசி நிமிடம்.

1913இல் ரஷ்யாவின் நிக்கொலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்ரோல் ஊட்டி இந்தப் படிவை உண்டாக்கிக் காட்டினார். 1948இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைப் பின்தொடரத் தொடங்கிய ஆய்வு, கொலஸ்ரோலும் இரத்த அழுத்தமும் கூடியவர்களுக்கு இருதய நோயும் கூட வருவதைக் கணக்கிட்டுச் சொன்னது. எல்டிஎல்லை இரத்தத்திலிருந்து உள்ளிழுக்கும் ஏற்பிகள் சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு என்று கண்ட பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

பிறப்பிலேயே என்றால் விதிதானே? சைவ சித்தாந்தம் இங்கே அவசரப்படாது. அது வினையை மூன்றாகப் பிரிக்கிறது: சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இந்த உடம்போடு அனுபவிக்க வந்த பிராரத்தம், இன்று புதிதாக ஏறும் ஆகாமியம். ஒப்புமைக்காகச் சொன்னால், பெற்றோர் வழி வந்த ஏற்பிக் குறைவு பிராரத்தம். நாடிக்குள் சத்தமின்றித் தடித்திருப்பது சஞ்சிதம். இன்று பொரித்த எண்ணெயும் பற்றவைத்த சிகரெட்டும் ஆகாமியம். மூன்றையும் ஒரே சொல்லில் போட்டு மூடுவது சமயத்துக்கும் சரியில்லை, மருத்துவத்துக்கும் சரியில்லை.

மருத்துவத்தின் பக்கத்திலும் ஒரு புதிர் உண்டு. 1994இல் வெளியான ஸ்கண்டிநேவிய ஆய்வில், ஏற்கெனவே இருதய நோயும் கூடிய கொலஸ்ரோலும் இருந்த 4,444 பேர் சேர்ந்தார்கள். ஐந்தரை ஆண்டளவில், வெறும் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 12 பேர் இறந்தார்கள். கொலஸ்ரோலைக் குறைக்கும் சிம்வாஸ்ரற்றின் குளிசை எடுத்தவர்களில் 8 பேர். மருத்துவ உலகையே திருப்பிய கணக்கு அது. ஆனாலும் 88 பேர் மருந்தின்றியும் இருந்திருப்பார்கள். 8 பேரை மருந்தும் காக்கவில்லை. இடையில் தப்பிய அந்த நால்வர் யார் யார்? எந்த ஆய்வுகூடமும் பெயர் சொல்லாது.

"எங்கடை அப்பு நெய்யும் எருமைத்தயிரும் திண்டு தொண்ணூறு வரை இருந்தவர்" என்று சொல்பவரும் பொய் சொல்லவில்லை. அவருடைய அப்பு அந்த 88இல் ஒருவராக இருந்திருக்கலாம். வெயிலில் வயல் உழுததும், எங்கும் நடந்தே போனதும் அந்தக் கணக்கில் சேரும். பேரன் மோட்டார் சைக்கிளில் போய் றோல்ஸ் வாங்குகிறான். 52 நாடுகளில் நடந்த இன்ரர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த தென்னாசியரின் சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 59.

கொழுப்புப் பரிசோதனைக்கு இரவுச் சாப்பாட்டோடு நிறுத்தி, வெறுவயிற்றில் வரச்சொல்வது வழக்கம். வெள்ளி விரதம் பழகிய ஆச்சிமாருக்கு அதில் கஷ்டமில்லை. கஷ்டம் அடுத்த கிளினிக்கில் வருகிறது. எண் இறங்கியிருக்கும், முகமும் மலர்ந்திருக்கும். "இனிக் குளிசையை விடலாமோ, டொக்டர்?" எண்ணை இறக்கிப் பிடித்திருப்பதே அந்தக் குளிசைதான், நிறுத்தினால் சில கிழமைகளில் பழைய இடத்துக்கு ஏறிவிடும். டொக்டர் அதைச் சொல்லி முடிக்க, ஆச்சி கொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மருந்து எடுக்கும் வரிசைக்குப் போகிறார்.