பச்சிலையும் பத்தியமும்

மண்ணில் முளைத்தது மனிதருக்குக் கெடுதல் செய்யாது என்ற நம்பிக்கை பாதி பக்தி, பாதி சௌகரியம். ‘பச்சிலைதானே, ஒன்றும் செய்யாது’ என்பதில் பச்சிலைக்கு ஓர் அவமதிப்பும் ஒளிந்திருக்கிறது. ஒன்றும் செய்யாத பொருள் நோயை மட்டும் எப்படித் தீர்க்கும்?

சித்த மருத்துவம் இதில் மயங்கியதில்லை. சேராங்கொட்டையும் எட்டிக்கொட்டையும் சுத்தி செய்யாமல் மருந்தாவதில்லை. சில மருந்துகளுக்கு உப்பும் புளியும் விலக்கு. மருந்து உண்பவருக்கு அகத்திக்கீரை ஆகாது, ‘மருந்தை முறித்துவிடும்’ என்பது பாட்டிமார் அறிந்த விதி. ஒரு பொருள் இன்னொன்றின் வேலையில் குறுக்கிடும் என்று ஒப்புக்கொண்ட சொல்தான் முறிவு. அது சூரணத்துக்குப் பொருந்தும், மாத்திரைக்குப் பொருந்தாது என்பது தர்க்கமாகாது. ஈரலுக்கு மருத்துவ முறைகளின் பெயர் தெரியாது.

அதிமதுரத்தையே எடுத்துக்கொள்ளலாம். தொண்டைக்கு இதமென்று பாடகர்கள் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொள்வார்கள். என்றோ ஒருநாள் என்றால் பரவாயில்லை. நாள்தோறும் நிறைய உண்டால் அதிலுள்ள கிளிசரைசின் உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றும். இரத்த அழுத்தத்தை மாத்திரை ஒருபக்கம் இறக்க, அதிமதுரம் மறுபக்கம் ஏற்றும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உண்பவருக்கு முருங்கைக்கீரை விலக்கல்ல. ஆனால் அதில் வைட்டமின் கே மிகுதி என்பதால், ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் அறவே விட்டால் மாத்திரையின் அளவு நிலைகொள்ளாது. சிறுகுறிஞ்சான் சர்க்கரை மாத்திரைக்குப் பகையல்ல, கூட்டாளி. அந்தக் கூட்டே சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தி, வியர்வையும் நடுக்கமும் தரலாம். ஐரோப்பியர் மனச்சோர்வுக்கு உண்ணும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் செடி, ஈரலின் நொதிகளை முடுக்கி, மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தை விரைவில் கழித்துவிடும். மாற்று இதயம் பொருத்தப்பட்ட இருவருக்கு இதனால் அந்த இதயத்தை உடல் ஏற்க மறுத்ததைச் சூரிச் மருத்துவர்கள் 2000-இல் பதிவு செய்தார்கள்.

திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் ‘மருந்து’. பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. அளவே அங்கு பேச்சு. கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளியையும் அதில் ஒரு கூறாக வைக்கிறது. மருத்துவர் திட்டுவார் என்று அஞ்சிக் கஷாயத்தை மறைக்கும் நோயாளி தம் கூற்றை விட்டுவிடுகிறார். கேளாமலே சீட்டு எழுதும் மருத்துவரும் அப்படியே. மூலிகையின் பெயர், அளவு, எத்தனை நாளாக என்ற மூன்றும் மருத்துவரிடம் போய்ச் சேரவேண்டும். லேபிள் ஒட்டிய புட்டியையே கொண்டுபோவது நல்லது. அறுவைச் சிகிச்சை என்றால் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட வேண்டும். கஷாயம் கேட்கிறது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது வேறு வகை ஆபத்து. வலிப்பு மாத்திரையில் அது விரைவிலேயே தெரியலாம்.