அக்கரையில் ஓர் அம்மா

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீடு. தறியில் கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மறுகரை நாடாவைப் போட, நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்தாக வேண்டும். மருமகளுக்கு ஒன்பதாம் மாதம். இரண்டாவது பிரசவம் என்பதால் இங்கேயேதான். ‘எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டீங்க?’ என்று பாட்டியைக் கேட்டேன். காமாட்சி என்பார் என்று நினைத்தேன். ‘திருச்சி தாயுமானவருக்கு வாழைத்தார்’ என்றார்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருச்சியில் ரத்னாவதிக்குப் பிரசவ நேரம். பூம்புகாரிலிருந்து கிளம்பிய அம்மா, காவிரி வெள்ளத்தால் அக்கரையில் மாட்டிக்கொண்டாள். சிவனே அம்மா உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்தால், வீட்டில் இரண்டு அம்மா!

எனக்கு ஒரு சந்தேகம். சர்வ வல்லமை உள்ளவர் வலியை நிறுத்தியிருக்கலாம். ஆற்றையாவது வடியவைத்திருக்கலாம். எதற்குப் புடவை கட்டிக்கொண்டு வரவேண்டும்?

ஃபின்லாந்திலும் கரேலியாவிலும் அந்தக் காலத்தில் சவுனா என்கிற நீராவிக் குடிலில்தான் பிரசவம். மந்திரம் சொல்லி அங்கே கூப்பிட்டது கன்னி மரியாளை. அந்த மரியாளுக்கே சவுனா கிடைக்கவில்லை. குதிரை லாயத்தில், குதிரை விட்ட மூச்சே நீராவியாகப் பிள்ளை பெற்றாள் என்பது அவர்கள் கதை. 1849-ல் வந்த ‘கலேவலா’வின் கடைசிப் பாட்டிலும் மர்யத்தா என்ற பெயரில் அவள்தான். அந்த வேதனையை அனுபவித்தவளைக் கூப்பிட்டார்கள். நம் சிவனுக்கு அந்த அனுபவம் இல்லையே, அதனால் அம்மாவாகவே மாறிவிட்டார் போலிருக்கிறது.

பாட்டி இவ்வளவு யோசிக்கவில்லை. ‘வலிக்காம புள்ள பொறக்குமா? பக்கத்துல ஒரு ஆளு வேணும்ப்பா. கோர்வைக்கே வேணுமே!’

என் மனைவிக்கு வலி கண்ட இரவில், மாமியாரைப் பிரசவ அறைக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ‘அம்மா... அம்மா...’ என்று சத்தம். கதவில் கையை வைத்தபடி நின்றார் அவர். நான் மருந்துச் சீட்டோடு பில் கவுன்ட்டருக்கு ஓடிக்கொண்டிருந்தேன். பி.காம். படித்தவனுக்குத் தெரிந்த உதவி! கிருமி தொற்றும் என்றார்கள். அதை நான் கேலி செய்ய மாட்டேன். சாமியைக் கூப்பிட்டும் பிழைக்காத தாய்மார்கள் எத்தனையோ பேர். ஆனால், அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு துணையை விடலாம் என்று மத்திய அரசே 2016-ல் சொல்லிவிட்டது. அவள் விரும்பும் ஆள் கூடவே இருக்கட்டும் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. கிருமியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதா என்ன? அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

‘ஆஸ்பத்திரியில உள்ள விடுவாங்களா?’ என்றார் பாட்டி.

‘கேளுங்க பாட்டி. விடலைன்னா திரும்பவும் கேளுங்க.’

‘அவங்கம்மா நாளைக்கு ஆரணியிலேர்ந்து வந்துடும். பாலாத்துல என்ன, வெள்ளமா போவுது?’ என்று சொல்லிவிட்டு, மறுகரை நாடாவைப் போட உட்கார்ந்தார்.