கருவியின் வாய்மை யாருடையது?

உண்மை பேசுதல் மனிதனுக்குரிய அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் இன்று நம் வாழ்வைத் தீர்மானிக்கும் உண்மைகளிற் பலவற்றை மனிதன் நேரே சொல்வதில்லை, கருவி சொல்கிறது. குருதியில் வெல்லம் எவ்வளவு, கிணற்று நீரில் உப்பு எவ்வளவு, தராசில் ஏறிய மூட்டையின் நிறை எவ்வளவு என்பனவற்றைச் சிறு திரையில் ஒளிரும் இலக்கங்களே நமக்கு அறிவிக்கின்றன. கருவிக்கு மனச்சாட்சி இல்லை. அவ்வாறாயின் அது கூறும் உண்மைக்குப் பொறுப்பாளி யார்?

கல்முனைக் கரையோரத்து மக்களுக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் விளைந்த நெல்லை நெற் சந்தைப்படுத்தும் சபை முழு உத்தரவாத விலைக்கு ஏற்கவேண்டுமாயின், அதன் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேற்படலாகாது. நெல்மணியைப் பல்லிற் கடித்துப் பார்த்து உலர்ச்சியை அறிவது விவசாயியின் பழைய முறை. கொள்வனவு நிலையத்திலோ ஈரமானியின் சொல்லே முடிந்த சொல்.

இக்கருவிகளிற் பல நீரை நேரே அளப்பதில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். நீரின் மின்னுழைய மாறிலி 80ஐ அண்மித்தது. உலர்ந்த தானியத்தினதோ ஒற்றை இலக்கத்தில் அடங்குவது. ஆகவே நெல்லில் ஈரம் கூடக்கூடக் கருவியின் கொள்ளளவம் கூடுகிறது. அம்மின் மாற்றத்தைச் சதவீதமாகப் பெயர்த்துச் சொல்வதற்கு, ஆய்வுகூடத்தில் நெல்லை அடுப்பிலிட்டு உலர்த்தி, அது இழந்த நிறையைக் கணித்துப் பெற்ற அட்டவணை ஒன்று வேண்டும். வெப்பநிலை மாறினும், நெல்லினம் மாறினும் பெயர்ப்பு பிழைபடும். 14ஐக் கருவி 15 என்று காட்டினால், ஒரு போகத்தின் உழைப்பு வாயிலிலிருந்து திரும்பி, குறைந்த விலை கேட்கும் வியாபாரியின் கைக்குப் போகிறது.

இவ்விடத்தே நாம் காணாத மனிதன் ஒருவன் நிற்கிறான். அவனே ஆய்வுகூடத்து இலத்திரனியல் தொழில்நுட்பவியலாளன். 1955இல் தொடங்கப்பெற்று, 1998 முதல் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனமாக இயங்கும் கொழும்பு ஆய்வு நிலையம் போன்றவற்றில், கருவிகளைச் சோதித்துத் திருத்துவது அத்தகையோரின் கடமை. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாட்டின் அளவீட்டு நியமங்களுக்கெனத் தனித் திணைக்களத்துக்கு அதிகாரம் அளித்தது. ஒரு கருவியை அதனினும் நுண்ணிய கருவியோடு ஒப்பிட்டு, அதனை மேலுமொரு நியமத்தோடு ஒப்பிட்டுச் செல்லும் நீண்ட சங்கிலி இது. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதன், “இவ்வளவு ஐயத்துக்குட்பட்டு இது சரி” என்று கையொப்பமிடுகிறான்.

“அவன் இலக்கத்தைப் பார்த்து எழுதுபவன், அவனுக்கென்ன அறப்பொறுப்பு?” என்பார் உளர். எதிர்பாராத இலக்கம் ஒன்று தோன்றும்போது, புதுமை உலகிலுள்ளதா, பிழை கருவியிலுள்ளதா என்று தேர்ந்து சொல்லவேண்டியிருப்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 2011இல் ஜெனீவாவின் சேர்ன் கூடத்திலிருந்து 730 கிலோமீற்றர் கடந்து இத்தாலிக்குச் சென்ற நியூத்திரினோக்கள், ஒளியைவிடச் சுமார் 60 நனோசெக்கன் முந்தி வந்தன என்று ஓப்பரா ஆய்வுக்குழு அறிவித்தது. ஐன்ஸ்டைனின் கொள்கையே ஆட்டங்கண்டது என்று உலகம் பேசியது. அடுத்த ஆண்டில், சரியாகப் பொருந்தாத ஒளியிழை இணைப்பு ஒன்றே முதன்மைக் காரணமெனத் தெரியவந்தது. பேரறிஞர் குழுவின் முடிவு ஓர் இணைப்பின் இறுக்கத்தைச் சார்ந்திருந்தது!

கருவி பழுதின்றி இருந்தும் உண்மை கொல்லப்படுவதுண்டு. வொக்ஸ்வாகன் நிறுவனம், சோதனை நடைபெறுவதை உணர்ந்து அவ்வேளையில் மட்டும் நச்சுப் புகையைக் குறைக்கும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் அமைத்திருந்தது 2015இல் அம்பலமாயிற்று. உலகெங்கும் அத்தகைய கார்கள் சுமார் 1 கோடியே 10 இலட்சம். சோதனைக்கூடத்துக்கு வெளியே, ஓடும் காரில் கருவியைப் பொருத்தி அளந்த மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்துச் சிறு குழுவின் முடிவுகளே அம்மோசடி வெளிப்பட வழிவகுத்தன. பொய்யை வகுத்தவர்களும் உண்மையை அளந்தவர்களும் ஒரே கல்வியைக் கற்றவர்களே.

இதனால், தொழில்நுட்பவியலாளனிடம் நேர்மை வேண்டும் என்று சொல்லி நாம் அமைதியடைந்துவிடலாமா? சான்றோனைக் கோடாத துலாக்கோலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அளவில் மோசம் செய்வோரின் பெயராலேயே ஓர் அத்தியாயம் திருக்குர்ஆனில் உண்டு. சந்தை வணிகனின் தராசு அவனுடைய கையிலேயே இருந்தது. இலாபமும் பழியும் அவனுக்கே உரியன. இன்று அளப்பவன் ஒருவன். அந்த அளவினால் இலாபமடைபவன் வேறொருவன். அளப்பவனுடைய சம்பளமும் ஒப்பந்தமும் மற்றவனுடைய கையில் இருக்கக்கூடும். அதிகாரத்தை மேலே வைத்துக்கொண்டு பொறுப்பை மட்டும் கீழே இறக்குவது அறமாகாது. ராபர்ட் பொயிலின் வளிப்பம்பியை இயக்கியவர்களுள் ஹூக், பப்பின் போன்ற ஒருசிலர் நீங்கலாக ஏனையோர், அவருடைய நூல்களில் பெரும்பாலும் பெயரின்றியே உலவுகின்றனர். புகழ் பகிரப்படும்போது மறக்கப்படும் கை, பிழை நேரும்போது மட்டும் நினைக்கப்படுவது நீதியா?

ஆகவே, கருவியின் வாய்மை ஒரு சமுதாய உடைமை. அதனைக் காப்பதற்கு மூன்று உரிமைகள் வேண்டும். அளந்தவனின் பெயர் அறிக்கையில் இடம்பெறல் வேண்டும். மனச்சாட்சிக்கு ஒவ்வாத அறிக்கையில் ஒப்பமிட மறுத்தவன் வேலை இழக்காதிருத்தல் வேண்டும். ஈரமானியின் முன் நிற்கும் விவசாயி, “இது எப்போது, யாரால் சோதிக்கப்பட்டது?” என்று கேட்டால், மறுமொழி தரும் கடமை அங்குள்ள அதிகாரிக்கு இருத்தல் வேண்டும். தொழிற்சங்கம் முதலிரண்டையும் கேட்கட்டும். மூன்றாவதைக் கமக்காரர் அமைப்புக்கள் கேட்கட்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதிற் பங்குண்டு. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றது. ஆயினும் டாக்டரும் எஞ்சினியரும் ஆகமுடியாத பிள்ளையின் புகலிடமாகவே அதனை நம் பெற்றோரிற் பலர் கருதுகின்றனர். நம்முள்ளும் சிலர் அவ்வாறே கருதுகின்றோம். மல்டிமீற்றரைப் பிடிக்கக் கற்கும் மாணவனுக்கு, அதன் முள் காட்டுவதை அப்படியே எழுதும் துணிவையும் நாம் கற்பித்தாக வேண்டும். நாளை அவன் சரிபார்க்கும் கருவியின் முன் மூட்டையோடு நிற்கப்போகிறவன் அவனுடைய தகப்பனாகவே இருக்கலாம்.