வாக்குக் கொடுத்தவன் யார்?

சென்ற மாதம் ஒரு மாலை, கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, என் அக்காள் மகன் ஒரு காகிதத்தை என் முன்னால் நீட்டினான்.

"மாமா, இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்."

கையெழுத்து என்றாலே எனக்குப் பயம். நண்பர் ஒருவருக்கு ஜாமீன் நின்று மூன்று வருஷம் வட்டி கட்டியவன் நான். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தேன்.

"மூன்றாம் நாள் இரவிலோ நான்காம் நாள் இரவிலோ, போதும், நிறுத்திவிடுகிறேன் என்று நான் சொன்னால் மாமா அதைக் கேட்கக் கூடாது. அழுதாலும் கேட்கக் கூடாது. திட்டினாலும் கேட்கக் கூடாது. டாக்டர் சொன்னால் ஒழிய என்னை நிறுத்த விடுவதில்லை என்று இதனால் உறுதி அளிக்கிறார்."

விஷயம் இதுதான். அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் அவன், வரும் ஏப்ரலில் ஆறு நாள் ஓட்டம் ஒன்றில் கலந்துகொள்ளப் போகிறான். நியூயார்க்கில் பிளஷிங் மெடோஸ் என்ற பூங்காவில் ஒரு மைல் சுற்றுள்ள பாதை. 144 மணி நேரம் அதையே சுற்ற வேண்டும். நடுவில் தூங்கலாம், சாப்பிடலாம், மரத்தடியில் உட்கார்ந்து அழக்கூடச் செய்யலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. கெடு முடியும்போது யார் எவ்வளவு மைல் சுற்றியிருக்கிறார்களோ அது அவரவர் கணக்கு.

ஆறு நாள் என்பது பழைய கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜனங்கள் காசு கொடுத்துப் பார்த்த வேடிக்கை இது. ஞாயிற்றுக்கிழமை கேளிக்கை கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததால், ஞாயிறு நள்ளிரவு கழிந்ததும் தொடங்கிச் சனிக்கிழமை இரவோடு முடித்துவிடுவார்கள். 1888-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜார்ஜ் லிட்டில்வுட் என்ற ஆங்கிலேயர் ஆறு நாளில் 623 மைலுக்கு மேல் கடந்தார். அதை மிஞ்ச ஒரு மனிதன் வருவதற்கு 96 வருஷம் ஆயிற்று. 1984-ல் யானிஸ் கூரோஸ் என்ற கிரேக்கர் 635 மைல் போனார். என் அக்காள் மகனுக்கு அவ்வளவு பேராசை இல்லை. 300 மைல் போதும் என்கிறான்.

"அங்கே போய்ச் சுற்றுவதைச் சாரங்கபாணி கோயிலில் சுற்றினால் புண்ணியமாவது கிடைக்கும்" என்றாள் அக்காள்.

அவன் செய்துவரும் ஏற்பாடுகளைப் பார்த்தால் கேலி செய்ய மனம் வராது. ஓடுவதைக் காட்டிலும் நடப்பதைத்தான் அதிகம் பழகுகிறான். ஆறு நாளும் ஓட யாராலும் முடியாதாம். இரண்டாம் நாளே பாதம் வீங்கிவிடும் என்பதால் இப்போதே ஓர் அளவு பெரிய ஜோடு வாங்கி வைத்திருக்கிறான். கொப்புளம் கிளம்புகிற இடங்களில் முன்கூட்டியே பிளாஸ்திரி ஒட்டக் கற்றுக்கொண்டிருக்கிறான். நடந்துகொண்டே தயிர் சாதம் சாப்பிடுகிறான். நினைத்த மாத்திரத்தில் படுத்து, அரை மணியில் எழுந்துகொள்ளப் பழகுகிறான்.

இத்தனைக்கும் மேலே இந்தக் காகிதம்.

"ஏண்டா, உன் மனைவி இல்லையா? சிநேகிதர்கள் இல்லையா? என்னை ஏன் டிக்கெட் எடுத்துக் கூட்டிக்கொண்டு போகிறாய்?"

"அவர்களெல்லாம் இளகிவிடுவார்கள் மாமா. உங்கள் நாவல்களில் எத்தனை பேரை ஈவிரக்கம் இல்லாமல் கொன்றிருக்கிறீர்கள்!"

சிரித்தேன். ஆனால் கையெழுத்துப் போடவில்லை.

நூறு மைல் ஓட வேண்டும் என்று எல்லை வைத்தால், பாதியில் நிற்பவன் தோற்றவன். அந்த வெட்கமே அவனை இழுத்துக்கொண்டு போய்விடும். இங்கே எல்லையே கிடையாது. எப்போது நிறுத்தினாலும் அதுவரை சுற்றியது அவன் கணக்கில் இருக்கும். தோற்றான் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே இராத்திரி மூன்று மணிக்கு அவனைத் தடுத்து நிறுத்த வேறு எதுவும் இராது, இந்தக் காகிதத்தைத் தவிர. அவன் பயம் எனக்குப் புரிந்தது.

எனக்குப் புரியாதது வேறு. திண்ணையில் உட்கார்ந்து, வயிறார உண்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவன் ஒருவன் வாக்குக் கொடுக்கிறான். அதற்கு விலை கொடுக்கப் போகிறவன், கால் வெந்து கண் சொருகி நிற்கும் இன்னொருவன். இருவருக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் முதலாமவன் சொன்ன சொல்லுக்காக இரண்டாமவனை நான் ஏன் வதைக்க வேண்டும்?

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் என்று நம் பெரியவர்கள் சிரிப்பார்கள். வேதனையில் பிறந்த உறுதி வேதனை தீர்ந்ததும் போய்விடும் என்பது அதன் பொருள். 'நிறுத்திவிடுகிறேன்' என்று அவன் அழப்போவதும் அந்த ஜாதிதான் என்று வைத்துக்கொண்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம். ஆனால் அதே பெரியவர்கள் புராண வைராக்கியம் என்றும் ஒன்று சொல்லியிருக்கிறார்கள். கதை கேட்கும்போது வந்து, மண்டபத்தை விட்டு இறங்கியதும் கரைந்துபோகும் உறுதி அது. திண்ணையில் எழுதிய இந்தக் காகிதம் அந்த ஜாதி இல்லை என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இது வெறும் தர்க்கம் அல்ல. அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் கடைசி நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பா அந்த நாற்பது நாளும் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காரியங்களெல்லாம் முடிந்த பிறகு என்னைக் கூப்பிட்டு, "எனக்கு அது வேண்டாமடா. இந்தக் கட்டிலும் இந்த ஜன்னலும் போதும். என்ன வந்தாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாதே. சத்தியம் பண்ணு" என்றார். கையில் அடித்துக் கொடுத்தேன்.

எட்டு வருஷத்துக்கு முன் ஒரு மார்கழி இரவு அவருக்கு மூச்சு முட்டியது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போடா" என்றார். கூட்டிக்கொண்டு போனேன். பதினோரு நாள் இருந்து, குழாய்களுக்கு நடுவில் போய்ச் சேர்ந்தார்.

எந்த அப்பாவுக்கு நான் பிள்ளை? சத்தியம் வாங்கியவருக்கா, மணிக்கட்டைப் பிடித்தவருக்கா? எட்டு வருஷமாக இதைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து அவன், "ஒத்திகை பார்க்கிறேன்" என்று மகாமகக் குளத்தைச் சுற்றி இரண்டு இரவும் இரண்டு பகலும் நடந்தான். நான் பிளாஸ்கும் கையுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் இரவு மூன்று மணி இருக்கும். வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"போதும் மாமா. நான் முட்டாள். ஏப்ரலுக்கும் போகப்போவதில்லை."

காகிதத்தை நினைவுபடுத்த நாக்கு துடித்தது. செய்யவில்லை. "படுத்துக்கொள்" என்றேன். துண்டைத் தலைக்கு வைத்து அரை மணி தூங்கினான். எழுப்பி டீ கொடுத்தேன். இரண்டு இட்லி தின்றான். பிறகும் ஒன்றும் பேசாமல் இருந்தோம். கிழக்கே வெளுத்து, குளத்து மண்டபங்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன.

"இப்போது சொல், வீட்டுக்குப் போகலாமா?"

தன் பாதங்களைப் பார்த்தான். எழுந்து நடந்தான்.

அவன் எழுந்து போனதால் முதல் ஆள் ஜெயித்தான் என்று நான் நினைக்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று அவன் சொல்லியிருந்தால் உடனே கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஏனென்றால் அந்த விடியற்காலையில் பதில் சொன்னவன் மூன்றாவது ஆள். திண்ணையில் இருந்தவனுக்கு வலி தெரியாது. மூன்று மணிக்காரனுக்கு வலியைத் தவிர வேறொன்றும் தெரியாது. இவனுக்கு இரண்டும் தெரியும். யாராவது ஒருவன் சொல்லுக்கு நான் கட்டுப்பட வேண்டுமானால் இவன் சொல்லுக்குத்தான் கட்டுப்பட வேண்டும்.

இது தெளிவானதும் மனம் லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காலை, பிராண வாயு கொடுத்ததில் அப்பாவுக்கு மூச்சு சீராகி ஒரு மணி நேரம் நல்ல நினைவு இருந்தது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டுக்குப் போகலாமா அப்பா?" என்று நான் கேட்டிருக்கலாம். என்ன சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் டாக்டரைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். இரவில் அவரைத் தூக்கிக்கொண்டு போனதைத்தான் என் குற்றம் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். காலையில் கேட்காமல் விட்டது அல்லவா குற்றம்!

காகிதத்தில் ஒரு வரியை அடித்து, வேறொரு வரி எழுதினேன்: "இரவில் கேட்பதில்லை. தூங்கி எழுந்து, சாப்பிட்டு, விடிந்த பிறகு மாமா ஒரு முறை கேட்பார். அப்போது சொல்வதே முடிவு."

அவன் படித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.