பிள்ளையைப் பறிகொடுத்தவர் மேடையில் பேசலாமா?

பிள்ளையை மண்ணில் வைத்துவிட்டு வந்த ஒரு தாயோ தகப்பனோ, அந்தப் பிள்ளை நோயில் கிடந்ததையும் கண் மூடியதையும் சபை சபையாகச் சென்று எடுத்துச் சொல்வது முறைதானா? அது ஸப்ருக்கு மாறானதல்லவா? இப்படிக் கேட்பவர்கள் நம்மில் பலருண்டு.

நம் வழக்கம் வேறு. மவுத்தான வீட்டுக்குச் செல்கிறோம், "அல்லாஹ்வின் நாட்டம், ஸப்ரு செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அதன் பிறகு அந்தப் பிள்ளையின் பெயரைக்கூட அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. பெற்றவளுக்கு நோகுமே என்ற இரக்கம்தான் காரணம் என்போம். நமக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதும் அதில் பாதி.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஜோஸி கிங் என்ற பதினெட்டு மாதக் குழந்தை, நான்கு பிள்ளைகளில் இளையவள். 2001 ஜனவரியில் குளியல் தொட்டியின் சுடுநீரில் உடம்பு வெந்துபோக, உலகப் புகழ் பெற்ற ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். புண்கள் ஆறி வந்தன. வீடு திரும்பும் நாளை எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். அப்போது குழந்தைக்குத் தாகம் எடுத்தது. தண்ணீரைக் கண்டால் அழுதாள். குளிப்பாட்டும்போது ஈரத்துணியை வாயில் வைத்து உறிஞ்சினாள். குடிக்கக் கொடுக்கக் கூடாது என்றார்கள். பிள்ளை சரியாயில்லை என்று தாய் சோரல் கிங் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றே பதில் வந்தது. பிறகு, கொடுத்திருக்கக் கூடாத வலிமருந்து ஒன்றும் கொடுக்கப்பட்டது. பிப்ரவரி 22ஆம் நாள் அவள் இறந்தாள். உடம்பில் நீர் வற்றியதும் அந்த மருந்துமே காரணம். மருத்துவமனை தன் தவறை ஒப்புக்கொண்டது.

அந்தத் தாய்க்கு முதலில் வந்தது கோபம்தான், அந்த மருத்துவமனையே இடிந்து போகட்டும் என்னும் அளவுக்குக் கோபம். ஆனால் இழப்பீடாகக் கிடைத்த பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு நோயாளிகளின் பாதுகாப்புக்கென மகள் பெயரால் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 2002இல் மருத்துவர்கள் கூடிய மாநாட்டில் எழுந்து நின்று, நடந்ததை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். அந்தப் பேச்சு ஒளிப்பதிவாகப் பல மருத்துவமனைகளுக்குச் சென்றது. 2005இல் பிட்ஸ்பர்க் நகர மருத்துவமனை ஒன்று, நோயாளியின் வீட்டாரே அவசரக் குழுவை நேராக அழைக்கலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தது.

இது முறையீடா? யஃகூப் (அலை) அவர்கள் தம் துயரத்தை அல்லாஹ்விடம் மட்டுமே முறையிடுவதாகச் சொன்னதை ஸப்ருக்கு முன்மாதிரியாக எடுத்துக் காட்டுவார்கள், சரிதான். அதோடு நிறுத்திவிடுகிறார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை. அதை அடுத்த பேச்சிலேயே அந்த நபி தம் மக்களிடம், யூஸுபையும் அவர் சகோதரரையும் போய்த் தேடுங்கள், நம்பிக்கை இழக்காதீர்கள் என்று ஏவுகிறார்கள். துயரத்தை றப்பிடம் வைத்தார்கள். செய்ய வேண்டியதைச் செய்யக் கூடியவர்களிடம் சொன்னார்கள். சோரல் கிங் பேசியதும் அப்படிச் செய்யக் கூடியவர்களிடம்தான். என்னைத் தேற்றுங்கள் என்று அவர் மேடை ஏறவில்லை.

எல்லாம் கத்ருப்படி நடந்தது, பிறகென்ன பேச்சு என்பாரும் உண்டு. தவறுதலாக ஓர் உயிர் போனாலும் தியத் கொடுக்க வேண்டும் என்பது நம் மார்க்கச் சட்டம். விதி என்று சொல்லிக் கைகழுவ அங்கே இடமில்லை.

ஆனால் இதில் ஆபத்து இல்லாமலும் இல்லை. ஒரு துயரத்தை நூறு முறை சொல்லும்போது, முன்பு கண்ணீர் வந்த இடத்தில் மறுபடியும் வந்தாக வேண்டும் என்று சபை எதிர்பார்க்கும். சொல்கிறவர் அறியாமலே கதை கொஞ்சம் பெருத்துக்கொள்ளும். சிரித்த பிள்ளை, அடம் பிடித்த பிள்ளை மறைந்து, நோயில் கிடந்த சில நாட்கள் மட்டும் மிஞ்சும். வீட்டில் இருக்கும் மற்ற பிள்ளைகளோ, போனவளின் நிழலில் வளர நேரும். இவையெல்லாம் உண்மையான இழப்புகள். மேடைக்குக் கொடுத்தது போக, வீட்டுக்கென்று கொஞ்சம் வைத்துக்கொள்ளும் உரிமை பெற்றவளுக்கு உண்டு.

இங்கே பெருமானார் (ஸல்) அவர்களை நினைக்கிறேன். ஹிஜ்ரி 10இல் கைக்குழந்தை இப்ராஹீம் கண்ணெதிரே மூச்சடங்கியபோது அவர்கள் அழுதார்கள். தாங்களுமா என்று தோழர் ஒருவர் வியந்தபோது, அது இரக்கம் என்றார்கள். அன்று சூரிய கிரகணம். இப்ராஹீமுக்காகத்தான் சூரியன் மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தகப்பனுக்கு அப்படியொரு பேச்சு ஆறுதலாக இராது! அவர்களோ தொழுகை நடத்திவிட்டு, எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரியனும் சந்திரனும் கிரகணம் கொள்வதில்லை என்று மக்களுக்கு எடுத்துரைத்தார்கள். சொந்த மகனின் மவுத்தை உள்ளதற்கு மேல் ஓரங்குலமும் உயர்த்த அவர்கள் விடவில்லை.

கேட்கிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 2021இல் பதிமூன்று வயது மார்த்தா, சைக்கிளிலிருந்து விழுந்த காயத்தைத் தொடர்ந்து இரத்தத்தில் நஞ்சேறி இறந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு முன்னதாக மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று விசாரணையில் முடிவானது. தாய் மெரோப் மில்ஸ் எழுதினார், பேசினார். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும். பெற்றோர் கேட்டால் வேறொரு மருத்துவக் குழு உடனே வந்து பார்க்க வேண்டும் என்ற 'மார்த்தா விதி' 2024இல் அங்கே நடைமுறைக்கு வரத் தொடங்கியது.

நம் ஊர் மருத்துவமனையில், நள்ளிரவில் ஒரு தாய் வார்டு வாசலில் நின்று, "பிள்ளை நேற்று மாதிரி இல்லை, வந்து பாருங்கள்" என்கிறாள். காலையில் பெரிய டாக்டர் வருவார் என்கிறார்கள். அதற்கு மேல் அவள் யாரை அழைப்பது? வார்டுச் சுவரில் அதற்கு ஒரு தொலைபேசி எண்ணாவது எழுதியிருக்கிறதா என்று, அடுத்த முறை நோயாளியைப் பார்க்கப் போகும்போது பார்த்து வாருங்கள்.