இரவல் நாவும் சொந்த நெஞ்சும்

பேச்சுப் போட்டிக்கு மாணவரைப் பழக்கும்போது நாம் பழக்குவது நாவையா, நெஞ்சையா? வள்ளுவப் பெருந்தகை சொல்வன்மை, அவை அறிதல், அவை அஞ்சாமை என்று பொருட்பாலில் மூன்று அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுக்கு முன்பே அறத்துப்பாலில் பயனில சொல்லாமையையும் வாய்மையையும் வைத்துவிட்டார். நாமோ அவை அஞ்சாமையிலிருந்தே பாடத்தைத் தொடங்கிவிடுகிறோம்.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் நிகழ்வதை எண்ணிப் பார்ப்போம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே தந்தையோ ஆசிரியரோ உரையை எழுதித் தர, பிள்ளை அதனைக் கன்னட எழுத்தில் குறித்துக்கொண்டு உருப்போடுகிறது. இன்றைய கன்னடத்தில் ழகரம் வழக்கில் இல்லை. மேடையில் தமிழ் ‘தமிள்’ ஆகிவிடுகிறது. அதுவாவது திருத்தக்கூடிய குறை. எந்தச் சொல்லில் கையை உயர்த்துவது என்பது வரை ஒத்திகை நடக்கிறது. ஐந்து நிமிடம் முடிந்து மணி ஒலிக்கிறது, கைதட்டல் எழுகிறது. “தம்பி, நீ சொன்னவற்றுள் உனக்குப் பிடித்தது எது?” என்று நடுவர் கேட்டால், பிள்ளையின் கண்கள் தாயின் முகத்தைத் தேடுகின்றன.

பிறர் எழுதியதைப் பேசுதல் பொய்யாகுமா? அலுவலகத்தில் நம்மைப் போன்ற எழுத்தர் எழுதும் வரைவு மேலதிகாரியின் கையொப்பத்தோடு வெளியே செல்கிறது. அதில் வஞ்சனை இல்லை. அங்கே பேசுவது ஆள் அன்று, நாற்காலி. மேடையில் நிற்கும் மாணவன் நாற்காலி அல்லன். ‘நான் கருதுகிறேன்’ என்று முழங்குகிறான். அவன் கருதவே இல்லை. சீட்டுக் குலுக்கிக் கட்சி பிரிக்கும் பட்டிமன்றத்தில்கூட இக்குற்றம் இல்லை. அது வாதம் என்பதை அவையோர் அறிவர்.

மனப்பாடமே ஆகாது என்பதன்று நம் கட்சி. இரவலிலும் தகுந்த இரவல் உண்டு. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், பெர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, வெள்ளிதோறும் நடத்தினார். பிரசங்க முறையைக் கிறித்தவப் போதகரிடம் கண்டு கொண்டார். கொள்கையைக் கடன் வாங்கவில்லை.

தாளைக் கையில் வைத்திருப்பதும் இழுக்கன்று. 1863 நவம்பர் 19 அன்று கெட்டிஸ்பர்க்கில் எவரெட் இரண்டு மணி நேரம் பேசிய பின், ஆபிரகாம் லிங்கன் சில நிமிடங்களே பேசினார். அவ்வுரை அவரே எழுதியது.

நாம் செய்யத்தக்கது யாது? முதலில் பிள்ளையைப் பேசவிட்டு, அது சொல்வதை நாம் எழுதிக்கொள்ள வேண்டும். அல்சூர் ஏரியைப் பற்றியோ பேருந்து நெரிசலைப் பற்றியோ தான் கண்ட ஒன்றை, ஒன்றை மட்டும், அது சொல்லட்டும். இடையே தடுமாறும், கன்னடச் சொல் ஒன்று கலக்கும். அதற்கு மதிப்பெண் குறைப்பானேன்? உச்சரிப்புக்கும் மெய்ப்பாட்டுக்கும் கட்டம் வரையும் நம் சங்கங்கள், மதிப்பெண் தாளில் ‘சொந்தக் கருத்து’ என்று மற்றொரு கட்டமும் வரையட்டும். பேச்சு முடிந்ததும் நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்டு அதனை நிரப்பட்டும்.